பாதையில் பாதி இல்லாவிட்டால் யார் நிரப்புவது?

தோட்டத்து முகவரி எப்படி இருக்கும் என்று மலையகத்தில் பிறந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஆளின் பெயர், தோட்டத்தின் பெயர், பிரிவு, கிட்டத்துத் தபாற்கந்தோர். லயத்து இலக்கமும் காம்பரா இலக்கமும் பெரும்பாலும் இருக்காது. கடிதம் தோட்டத்து ஒபிஸ் வரை வந்து சேரும். அதற்கு மேல் தப்பால்காரர் ஆளை அறிந்து கொடுத்தால் உண்டு. 'மேற்பிரிவு' என்று மட்டும் ஒருவர் எழுதினால் அதே தோட்டத்து ஆளுக்கு அது போதும். ஹட்டன் தபாற்கந்தோரில் கடிதம் பிரிப்பவருக்கு அது போதாது. எத்தனையோ தோட்டங்களில் மேற்பிரிவு இருக்கிறது.

கணினியில் ஒரு கோப்பு இருக்கும் இடத்தைச் சொல்லும் பாதையும் இப்படித்தான். எழுதியவர் விட்டுவிட்ட பகுதியை வாசிப்பவர் தன் இடத்திலிருந்து நிரப்பிக்கொள்கிறார். வாசிப்பவர் மாறினால் நிரப்புவதும் மாறும். விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடவேண்டிய மென்பொருளில் வரும் 'கோப்பைக் காணவில்லை' என்ற பிழைகளைத் தோண்டிப் பார்த்தால் கோப்பு பெரும்பாலும் பத்திரமாக எங்கோ இருக்கும். பாதையின் விடுபட்ட பகுதியை நாம் நினைத்தபடி நிரப்பாமல் வேறு எதையோ போட்டு நிரப்பியிருக்கும், அவ்வளவுதான்.

விடுபடுவதில் இரண்டு வகை உண்டு, இரண்டையும் குழப்பக்கூடாது. ஒன்று, பாதையின் எழுத்திலேயே இல்லாத பகுதி: தோட்டத்தின் பெயரை எழுதாமல் விட்டது போல. மற்றது, எழுத்தில் இருக்கிறது, ஆனால் வட்டில் இன்னும் இல்லை: அத்திவாரம்கூடப் போடாத புதிய வீட்டுத் திட்டத்தின் முகவரிக்குக் கடிதம் எழுதியது போல. முதலாவதற்கு 'எதை வைத்து நிரப்புவது' என்பது கேள்வி. இரண்டாவதற்கு 'இல்லாத இடத்திலிருந்து மேலே எப்படிப் போவது' என்பது கேள்வி.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய நிரலை வைத்துக்கொள்வோம். உயர்தரத்தில் ஐ.சி.டி. எடுக்கும் ஒரு பிள்ளை பைத்தானில் எழுதியது. தினமும் நிறுக்கும் கொழுந்தின் எடையை மாதம் ஒரு கோப்பாகச் சேமிக்கிறது. எழுதியது வீட்டிலுள்ள லினக்ஸ் மடிக்கணினியில். ஓடப்போவது கொட்டகலைப் பக்கம் ஒரு தோட்டத்து ஒபிஸில், விண்டோஸில். பாதைகளைத் தமிழிலேயே எழுதுகிறேன். கோப்புறைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைக்க மூன்று பணிசெயல் முறைமைகளும் இடம் தருகின்றன. அதில் ஒரு வில்லங்கமும் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

நிற்கும் இடம்

நிரலில் இப்படி ஒரு வரி:

ஓபன்("கொழுந்து/ஜூன்.சிஎஸ்வி")

இந்தப் பாதைக்குத் தலை இல்லை. வேரிலிருந்து, அதாவது எல்லாக் கோப்புறைக்கும் மேலே உள்ள இடத்திலிருந்து, தொடங்கவில்லை. இப்படிப்பட்டதைச் சார்புப் பாதை என்கிறோம். பணிசெயல் முறைமை இதை அப்படியே வட்டில் தேடாது. நிரல் அந்த நேரத்தில் எந்தக் கோப்புறையில் 'நிற்கிறதோ' அதை முன்னால் ஒட்டிவிட்டுத்தான் தேடும். அந்த இடத்துக்கு நடப்புக் கோப்புறை என்று பெயர்.

புதிதாகப் படிப்பவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான். நிரல் கோப்பு சேமிக்கப்பட்டிருக்கும் இடமும் நிரல் நிற்கும் இடமும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். இரண்டுக்கும் தொடர்பே இல்லை. நிற்கும் இடத்தைத் தீர்மானிப்பது நிரலைத் தொடக்கிவிட்டவர். கட்டளைகளைத் தட்டச்சிடும் முனையத்தில் ஒரு கோப்புறைக்குள் போய் அங்கிருந்து ஓடவிட்டால் அந்தக் கோப்புறை. விண்டோஸில் குறுக்குவழியைச் சொடுக்கினால், அந்தக் குறுக்குவழியின் பண்புகளில் 'தொடங்கும் இடம்' என்று எது எழுதியிருக்கிறதோ அது. ஒவ்வொரு நாளும் மாலையில் தானாக ஓடட்டும் என்று விண்டோஸின் டாஸ்க் ஷெடியூலரில் போட்டு, தொடங்கும் இடத்தை வெறுமையாக விட்டால், நிரல் விண்டோஸின் சிஸ்டம்32 கோப்புறைக்குள் நிற்கும். லினக்ஸில் குறித்த நேரத்துக்கு நிரலைத் தொடக்கும் கிரொன் ஓடவிட்டால் பயனரின் வீட்டுக் கோப்புறையில் நிற்கும். பின்னணிச் சேவைகளைப் பார்த்துக்கொள்ளும் சிஸ்டம்டி ஒரு சேவையாக ஓடவிட்டால் வேரில் நிற்கும். மேக்கில் ஃபைண்டரிலிருந்து ஒரு செயலியைத் திறந்தாலும் வேர்தான்.

ஆக, கையால் ஓடவிட்டபோது ஒழுங்காக வேலை செய்த நிரல், தானியக்கத்துக்கு மாற்றிய அன்றைக்கே கோப்பைக் காணவில்லை என்று நிற்கும். சில வேளை அந்தப் பிழைகூட வராது. எழுதுவதற்காகத் திறந்திருந்து, நிற்கும் இடத்தில் எழுத அனுமதியும் இருந்தால், புதிதாக ஒரு கொழுந்துக் கோப்பை அங்கே உருவாக்கிவிட்டு நல்ல பிள்ளை போல முடிந்துவிடும். மாதக் கடைசியில் கணக்கைத் திறந்தால் பாதி நாளைக் காணோம். பிழையே வராத இந்த நிலைமைதான் எனக்குப் பயம். பிழை சொல்லி நிற்கும் நிரலைத் திருத்திவிடலாம். பேசாமல் வேறு இடத்தில் எழுதும் நிரலைக் கண்டுபிடிப்பதற்கே நாள் போகும்.

விண்டோஸின் அரைப் பாதைகள்

லினக்ஸிலும் மேக்கிலும் பாதை இரண்டே சாதி. சாய்கோட்டில் தொடங்கினால் முழுப் பாதை. தொடங்காவிட்டால் சார்புப் பாதை. எத்தனை வட்டு பொருத்தினாலும் எல்லாம் ஒரே வேரின் கீழ்தான் வரும்.

விண்டோஸில் பாதையின் தலை இரண்டு துண்டு: டிரைவ் எழுத்து ஒன்று, அதன் பின்னால் வேரைக் குறிக்கும் சாய்கோடு ஒன்று. இரண்டும் தனித்தனியாக விடுபடலாம். அதனால் நான்கு வடிவம் கிடைக்கிறது:

டி:\கொழுந்து\ஜூன்.சிஎஸ்வி
கொழுந்து\ஜூன்.சிஎஸ்வி
\கொழுந்து\ஜூன்.சிஎஸ்வி
டி:கொழுந்து\ஜூன்.சிஎஸ்வி

முதலாவது முழுப் பாதை. இரண்டாவது சார்புப் பாதை. மூன்றாவதில் வேர் இருக்கிறது, டிரைவ் இல்லை. நிரல் இப்போது எந்த டிரைவில் நிற்கிறதோ அந்த டிரைவின் வேரிலிருந்து தேடும். சியில் நின்றால் சி:\கொழுந்து. பென் டிரைவில் நின்றால் பென் டிரைவின் கொழுந்து.

நான்காவதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். டிரைவ் எழுத்துக்குப் பின் சாய்கோடு இல்லை. தட்டச்சுப் பிழை போலத் தெரிகிறது, ஆனால் விண்டோஸ் இதைப் பிழையாக எடுக்காது. 'டி டிரைவில், இப்போது நிற்கும் கோப்புறையிலிருந்து' என்று பொருள் கொள்ளும். நிரல் சி டிரைவில் நிற்கும்போது டியில் எப்படி ஒரு நிற்கும் இடம் இருக்கமுடியும் என்று கேட்பீர்கள். இருக்கிறது. கட்டளைச் சாளரம் டிரைவுக்கு ஒன்றாக நிற்கும் இடத்தை நினைவு வைத்திருக்கிறது. டி:\பழையகணக்கு கோப்புறைக்குள் போய்விட்டு, சிக்குத் திரும்பி, அங்கிருந்து டி:கொழுந்து என்று கேட்டால், தேடுவது டி:\பழையகணக்கு\கொழுந்து. அந்த டிரைவுக்கு நினைவில் ஒன்றும் இல்லாவிட்டால் டியின் வேர்.

இந்த வினோதத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1981இல் வந்த முதல் எம்எஸ்-டொஸில் கோப்புறை என்பதே கிடையாது. ஒரு வட்டு, அதில் வரிசையாகக் கோப்புகள். அதனால் பழைய நிரல்களுக்கு டிரைவ் எழுத்து, முக்காற்புள்ளி, கோப்பின் பெயர், இவ்வளவுதான் தெரியும். 1983இல் இரண்டாம் பதிப்பில் கோப்புறைகள் வந்தன. பழைய நிரல்கள் உடையக்கூடாது. அவை டி:ஜூன் என்று கேட்டால் ஏதாவது ஒரு கோப்புறையிலிருந்து கொடுத்தாக வேண்டும். எந்தக் கோப்புறை? அந்த டிரைவில் கடைசியாக நின்ற இடம். நாற்பது வருடம் கடந்தும் அந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. சாய்கோடு பின்பக்கம் சாய்ந்ததும் அதே காலத்துக் கதைதான்: முன்சாய்கோட்டைக் கட்டளைகளின் தெரிவுகளுக்கு ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இன்றைய விண்டோஸ் பெரும்பாலான இடங்களில் இரண்டு சாய்கோட்டையும் ஏற்கிறது. ஆகவே நிரலுக்குள் முன்சாய்கோட்டையே எழுதுங்கள், மூன்று இடத்திலும் ஓடும்.

மறுபக்கம் இப்படி இல்லை. 'கொழுந்து\ஜூன்.சிஎஸ்வி' என்று எழுதிய நிரலை லினக்ஸில் ஓடவிட்டுப் பாருங்கள். லினக்ஸுக்குப் பின்சாய்கோடு ஒரு சாதாரண எழுத்து. கொழுந்து என்ற கோப்புறை வராது. நடுவில் சாய்கோடு உள்ள நீளமான பெயரோடு ஒரே ஒரு கோப்பு வந்து உட்கார்ந்திருக்கும். 'டி:கொழுந்து' என்பதும் அங்கே முக்காற்புள்ளி உள்ள ஒரு பெயர் மட்டுமே.

'இது முழுப் பாதையா?' என்று நிரல் மொழியோடு வரும் நூலகத்தைக் கேட்டால் சரியான பதில் கிடைக்கும் என்று நினைக்கிறோம். மைக்ரோசொஃப்டின் டொட்நெட்டில் 'இஸ்பாத்ரூட்டட்' என்று ஒரு சார்பு (ஃபங்ஷன்) இருக்கிறது; மேலே சொன்ன நான்கில் மூன்றுக்கு அது ஆம் என்கிறது, அரைப் பாதைகள் இரண்டும் உட்பட. முழுமையைச் சோதிப்பதற்கென்று 'இஸ்பாத்ஃபுல்லிகுவாலிஃபைட்' என்ற சார்பைப் பின்னர் சேர்த்தார்கள். பைத்தானிலும் டிரைவ் இல்லாமல் ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கும் பாதையை விண்டோஸில் முழுப் பாதை என்றே நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். 2024இல் வந்த 3.13 பதிப்பில்தான் இல்லை என்று மாற்றினார்கள். நூலகம் எழுதியவர்களுக்கே இவ்வளவு காலம் எடுத்திருக்கிறது.

ஒட்டும்போது

அடிக் கோப்புறையையும் (நிரலின் கோப்புகள் எல்லாம் எதன் கீழ் வருமோ அது) சார்புப் பாதையையும் கூட்டல் குறி போட்டு எழுத்தாக ஒட்டக்கூடாது என்று எல்லாரும் சொல்லித்தருகிறார்கள். சரி, 'ஜொயின்' என்ற சார்பைப் பயன்படுத்துகிறோம். அதற்கும் சில பிடிவாதங்கள் உண்டு. பைத்தானின் ஜொயினுக்கு இரண்டாவதாகக் கொடுப்பது முழுப் பாதையாக இருந்தால் முதலாவதைத் தூக்கி எறிந்துவிடும்.

ஜொயின்("/தோட்டம்/கணக்கு", "/கொழுந்து")

விடை /கொழுந்து. பயனர் தட்டச்சிடும் பெயரை இப்படி ஒட்டினால், அவர் ஒரு சாய்கோடு சேர்த்த உடனே உங்கள் கோப்புறையை விட்டு வெளியே போய்விடுவார். விண்டோஸில் இன்னொன்று: ஜொயினுக்கு "டி:" என்பதையும் "கொழுந்து" என்பதையும் கொடுத்தால் வருவது டி:கொழுந்து, மேலே பார்த்த அதே நான்காம் வடிவம். வேர் வேண்டுமானால் "டி:\" என்று சாய்கோட்டோடு கொடுக்க வேண்டும்.

வெறுமை நிரப்பும்போது

பாதையின் முன்பகுதியைச் சூழல் மாறியிலிருந்து, அதாவது நிரலுக்கு வெளியே பெயரிட்டு வைத்த மதிப்பிலிருந்து, எடுப்பது வழக்கம். அந்த மாறிக்கு மதிப்பே இல்லாவிட்டால்? முனையத்தில் நம் கட்டளைகளை வாசித்து நிறைவேற்றுவது ஷெல்; அதற்கான ஸ்கிரிப்டில் $அடி/கொழுந்து என்று எழுதியிருக்கிறீர்கள், அடி வெறுமை. மிஞ்சுவது /கொழுந்து. சார்புப் பாதையாகவோ பிழையாகவோ ஆகவில்லை, வேரிலிருந்து தொடங்கும் முழுப் பாதையாகிவிட்டது. விடுபட்ட பகுதிகளில் மிகவும் கெட்டது இதுதான். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டுச் செயலியின் தொடக்க ஸ்கிரிப்டில் வெளிப்பட்ட பிழை இந்த ரகம். தன் கோப்புறையில் உள்ளதை எல்லாம் அழி என்று எழுதிய வரி, கோப்புறையின் பெயர் வெறுமையானதும், வேரில் உள்ளதை எல்லாம் அழி என்றாகிவிட்டது. பயனரின் கோப்புகள், செருகியிருந்த வெளிவட்டு வரை போயின. ஷெல்லில் மாறியின் பெயருக்குப் பின் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் போட்டு நெளிவு அடைப்புக்குள் எழுதினால், வெறுமையாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். இரண்டு எழுத்துச் செலவு.

அலைக்குறியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ~/கணக்கு என்பதில் உள்ள அலைக்குறியை வீட்டுக் கோப்புறையாக விரிப்பது ஷெல். பணிசெயல் முறைமைக்கு அது தெரியாது. நிரலின் விருப்பங்களை வைக்கும் அமைப்புக் கோப்பில் எழுதி நிரல் நேரே வாசித்தால், அலைக்குறி என்ற பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகும். அதை அழிக்கிறேன் என்று முனையத்தில் அலைக்குறியைத் தட்டச்சிட்டு அழி கட்டளை கொடுத்தீர்களானால், ஷெல் அதை விரித்துவிடும், போவது வீட்டுக் கோப்புறை. கவனம்.

வெறுமையை எப்படி ஒழுங்காக நிரப்புவது என்பதற்கு லினக்ஸ் மேசைத்தளங்களின் எக்ஸ்டிஜி ஏற்பாடு நல்ல மாதிரி. அமைப்புக் கோப்புகளுக்கான மாறி இல்லாவிட்டாலோ வெறுமையாக இருந்தாலோ, வீட்டுக் கோப்புறைக்குள் இருக்கும் '.கொன்ஃபிக்' என்பதை எடு. மாறியில் இருப்பது சார்புப் பாதையாக இருந்தால் அதைப் புறக்கணி. இல்லாமை, வெறுமை, அரைகுறை மூன்றுக்கும் விடை முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது.

வட்டில் இல்லாத பகுதி

இனி இரண்டாம் வகை. பாதை முழுமையானது, ஆனால் நடுவிலோ கடைசியிலோ ஒரு கோப்புறை இன்னும் உருவாகவில்லை. ஜூலை முதலாம் திகதி காலையில் ஜூலைக் கோப்பு எங்கே இருக்கும்? இனிமேல்தான் வரவேண்டும். ஆனால் அதன் முழுப் பாதையை நிரல் இப்போதே அறியவேண்டும்.

இதைக் கணக்கிட இரண்டு வழி. ஒன்று, எழுத்தை மட்டும் பார்ப்பது: இரட்டைப் புள்ளி ('ஒரு படி மேலே') வந்தால் முன்னால் உள்ள பெயரை அடித்துவிடு, ஒற்றைப் புள்ளியை ('இதே இடம்') தூக்கு, சாய்கோடுகளைச் சீராக்கு. வட்டைத் தொடவே தேவையில்லை. மற்றது, வட்டில் ஒவ்வொரு படியாக நடந்து பார்ப்பது. நடுவில் குறியீட்டு இணைப்பு, அதாவது இன்னொரு இடத்தைச் சுட்டும் கோப்புறை, வந்தால் அது சுட்டும் இடத்துக்கே போய் அங்கிருந்து தொடர்வது.

இணைப்பு இல்லாத வரை இரண்டும் ஒரே விடையைத் தரும். இருந்தால் பிரியும். லினக்ஸில் /தோட்டம்/நடப்பு என்பது /வெளிவட்டு/2024/ஜூன் என்ற இடத்தைச் சுட்டும் இணைப்பு என்று வையுங்கள். பாதை இது:

/தோட்டம்/நடப்பு/../விலை

எழுத்தை மட்டும் பார்த்தால் நடப்பும் இரட்டைப் புள்ளியும் ஒன்றையொன்று அடித்து /தோட்டம்/விலை. வட்டில் நடந்தால், நடப்பு என்பது ஜூன் கோப்புறை, அதன் மேல் 2024, ஆகவே /வெளிவட்டு/2024/விலை. முனையத்திலேயே இந்தப் பிரிவைப் பார்க்கலாம்: பாஷ் ஷெல்லில் நடப்புக்குள் போய் 'சிடி' கட்டளையால் ஒரு படி மேலே ஏறினால் /தோட்டம் வருகிறது, ஷெல் எழுத்தைப் பார்க்கிறது. அதே இடத்திலிருந்து 'எல்எஸ்' கட்டளையிடம் மேற்படியைக் காட்டு என்றால் 2024 கோப்புறையில் உள்ளவற்றைக் காட்டும்.

விண்டோஸ், நிரல் பாதையைக் கொடுத்ததும் வட்டுக்குப் போகும் முன்பே இரட்டைப் புள்ளிகளை எழுத்தளவில் அடித்துவிடுகிறது. இதனால்தான் இப்படி ஒரு வேடிக்கை. 'ஆகஸ்ட்' என்ற கோப்புறையே இல்லை, ஜூன் கோப்பு இருக்கிறது:

ஆகஸ்ட்/../ஜூன்.சிஎஸ்வி

விண்டோஸில் இது திறக்கும். ஆகஸ்ட் அடிபட்டுப் போய்விட்டது, அது இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை. லினக்ஸில் திறக்காது, முதற்படியிலேயே ஆகஸ்ட்டைத் தேடி, இல்லை என்று நின்றுவிடும். ஒரு கணினியில் சோதித்து அனுப்பிய நிரல் இன்னொன்றில் விழுவதற்கு இதைவிடச் சுத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

அப்படியானால் இல்லாத பகுதி உள்ள பாதைக்கு நூலகங்கள் என்ன விடை சொல்கின்றன? ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதம். சி மொழியின் 'ரியல்பாத்' கண்டிப்பானது: ஒரு படி இல்லாவிட்டாலும் பிழை. ரஸ்ட்டின் 'கெனொனிகலைஸ்', ஜாவாவின் 'டுரியல்பாத்' இரண்டும் அந்தக் கட்சி. நோட்ஜேஎஸின் 'பாத்.ரிசோல்வ்' வட்டைத் தொடுவதே இல்லை, எழுத்து மட்டும். லினக்ஸ் முனையத்தில் உள்ள குனூ ரியல்பாத் கட்டளை நடுவே நிற்கிறது: கடைசிப் பெயர் இல்லாமல் இருக்கலாம், அதற்கு முந்தியவை எல்லாம் இருக்கவேண்டும். 'ஈ' என்ற தெரிவைக் கொடுத்தால் எல்லாம் இருக்கவேண்டும். 'எம்' கொடுத்தால் எதுவும் இல்லாமல் இருக்கலாம்.

பைத்தானின் கதையைக் கேட்டால் இது எவ்வளவு குழப்பமான கேள்வி என்று விளங்கும். 2014இல் 3.4 பதிப்போடு பாதைகளுக்கான 'பாத்லிப்' கூறு வந்தபோது, முழுப் பாதையைக் கணக்கிடும் அதன் ரிசோல்வ் சார்பு, பாதை இல்லாவிட்டால் பிழை எறிந்தது. இனிமேல் உருவாக்கப்போகும் கோப்புக்குப் பாதை கேட்பவர்கள் என்ன செய்வது? 2016 கடைசியில் வந்த 3.6இல் மாற்றினார்கள்: இருக்கும் வரை வட்டில் நட, இல்லாத இடம் வந்ததும் மிச்சத்தை அப்படியே பின்னால் ஒட்டு. பழையபடி கண்டிப்பு வேண்டுமானால் 'ஸ்ட்ரிக்ட்' என்பதை உண்மை என்று கொடு. சி++17இல் இரண்டுக்கும் இரண்டு சார்பே வைத்துவிட்டார்கள்: கண்டிப்பானது 'கெனொனிகல்', இருக்கும் வரை நடப்பது 'வீக்லி கெனொனிகல்'. எனக்குப் பிடித்தது சி++ காரர்களின் வழி. கேட்பவருக்கு எது வேண்டும் என்பதைச் சார்பின் பெயரே சொல்லவைக்கிறது.

'இருக்கும் வரை நட, பிறகு ஒட்டு' என்பது நடைமுறைக்கு நல்லது. ஆனால் வரும் விடை தற்காலிகமானது. காலையில் ஜூலைக் கோப்புறை இல்லை, பாதையைக் கணக்கிட்டு வைத்தீர்கள். மத்தியானம் யாரோ அதே பெயரில் வெளிவட்டைச் சுட்டும் இணைப்பு ஒன்றை உருவாக்கினார்கள். இப்போது கணக்கிட்டால் விடை வேறு. 'இந்தக் கோப்பு என் கோப்புறைக்குள்தான் இருக்கிறதா' என்ற பாதுகாப்புச் சோதனையை இப்படிப்பட்ட பழைய விடையை வைத்துச் செய்யக்கூடாது. கோப்புறையை முதலில் உருவாக்குங்கள், பிறகு ரிசோல்வ் செய்யுங்கள், பிறகு சோதியுங்கள். ஏற்கெனவே இருந்தால் பேசாமல் விட்டுவிடு என்று சொல்லி உருவாக்க எல்லா மொழியிலும் வழி இருக்கிறது.

இன்னொன்று. 'இல்லை' என்ற விடை எப்போதும் இல்லை ஆகாது. உள்ளே பார்க்க அனுமதி இல்லாத கோப்புறைக்குள் இருப்பதையும், இணைப்பு அறுந்த வலையமைப்பு டிரைவில் இருப்பதையும் பைத்தானின் 'எக்ஸிஸ்ட்ஸ்' போன்ற எளிய சோதனைகள் 'பொய்' என்றே சொல்லக்கூடும். மின்சாரம் போய் வந்து ரவுட்டர் இன்னும் எழும்பாத அந்த இரண்டு நிமிடத்தில், இசட் டிரைவைக் காணோம் என்று உங்கள் நிரல் புதிய கணக்குக் கோப்பை வேறிடத்தில் தொடங்கிவிட்டால் பின்னால் இரண்டு கணக்கையும் சேர்ப்பது யார்?

கொட்டகலைக்காரரின் வில்லங்கம்

தமிழ்ப் பெயர்களில் உள்ள வில்லங்கம் என்று முன்பு தள்ளிவைத்தது இது. ஆங்கிலப் பெயர்களில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து தகராறு உண்டு: லினக்ஸுக்கு இரண்டும் வேறு, விண்டோஸும் மேக்கும் வழக்கமாக ஒன்றாக எடுக்கும். தமிழில் அந்த வித்தியாசமே இல்லாததால் தப்பினோம் என்று நினைத்தால், கொம்பும் காலும் சேர்ந்து வரும் எழுத்துகளில் மாட்டுகிறோம். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோட் முறையில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: க என்பதோடு ஒகரக் குறியை ஒரே குறியாகப் போடலாம், அல்லது எகரக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியாகப் போடலாம். திரையில் இரண்டும் ஒன்று. லினக்ஸுக்கும் விண்டோஸுக்கும் அவை இரண்டு வெவ்வேறு பெயர்கள். மேக்கின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. 2017இல் ஹை சியெராவோடு மேக்குக்கு வந்த ஏபிஎஃப்எஸ் கொடுத்தபடி வைத்துக்கொண்டு, தேடும்போது இரண்டையும் ஒன்றாகப் பார்க்கிறது.

விளைவு: பழைய மேக்கிலிருந்து வந்த 'கொட்டகலை' கோப்புறையை லினக்ஸில் பைத்தான் தேடினால் கிடைக்காது, கண்ணுக்கு முன்னாலேயே இருந்தாலும். நோர்வூட், பொகவந்தலாவைக்கும் இதே கதி. ஹட்டன், பதுளை, தலவாக்கலை என்று பெயர் வைத்தவர்கள் பிழைத்தார்கள். அவற்றில் பிரியும் எழுத்து இல்லை. பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' கூறில் 'நோர்மலைஸ்' சார்பு இருக்கிறது. பெயரை ஒப்பிடும் முன் இரண்டு பக்கத்தையும் என்எஃப்சி என்ற சேர்த்த வடிவுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் கோப்பைத் திறக்கும்போது வட்டு கொடுத்த பெயரையே திருப்பிக் கொடுங்கள். மாற்றிய பெயரைக் கொடுத்தால் மறுபடி காணாமற் போகும்.

கொழுந்து நிரலை எப்படித் திருத்துவேன்

தொடக்கத்திலேயே, ஒரே இடத்தில், அடிக் கோப்புறையைத் தீர்மானிப்பேன். கட்டளையில் பயனர் கொடுத்தால் அது. இல்லாவிட்டால் அமைப்புக் கோப்பில் உள்ளது. அதுவும் இல்லாவிட்டால் அந்தந்த முறைமையின் வழக்கமான இடம். விண்டோஸில் ஆப்டேட்டா, மேக்கில் பயனரின் லைப்ரரிக்குள் அப்ளிகேஷன் சப்போர்ட், லினக்ஸில் எக்ஸ்டிஜி சொல்வது. நிற்கும் இடத்தை நம்பமாட்டேன். வந்தது வெறுமையா, அரைப் பாதையா என்று அங்கேயே பார்த்து, அப்படியானால் நிரலை நிறுத்துவேன். பிறகு கோப்புறையை உருவாக்கி, ரிசோல்வ் செய்து, அந்த ஒரு முழுப் பாதையை மட்டும் மற்றச் சார்புகளுக்குக் கொடுப்பேன். வேறெங்கும் ரிசோல்வ் வராது.

கணக்குக் கோப்புகளுக்குள் இன்னொரு கோப்பின் பாதையை எழுத நேர்ந்தால் அடிக் கோப்புறையிலிருந்து சார்புப் பாதையாக, முன்சாய்கோட்டோடு எழுதுவேன். டி:\ என்று எழுதி வைத்தால் அடுத்த கணினிக்கு மாற்றும் அன்றைக்கு எல்லாம் உடையும். விதிவிலக்கு ஒன்றே ஒன்று: அடிக் கோப்புறைக்கு வெளியே, பயனரே தேர்ந்த கோப்பு. அதை முழுப் பாதையாகத்தான் எழுதவேண்டும், வேறு வழியில்லை.

கடைசியாகப் பிழைச் செய்தி. 'ஜூன்.சிஎஸ்வி கிடைக்கவில்லை' என்று எழுதுவதில் பயன் இல்லை. ஒபிஸில் இருக்கும் கிளாக்கர் அந்தக் கோப்பை டெஸ்க்டொப்பில் கண்ணால் பார்த்துக்கொண்டே உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். இப்படி எழுதுங்கள்:

தேடிய இடம்: டி:\தோட்டம்\கணக்கு\கொழுந்து\ஜூன்.சிஎஸ்வி
அடிக் கோப்புறை வந்தது: அமைப்புக் கோப்பிலிருந்து
இதுவரை இருக்கிறது: டி:\தோட்டம்
இதிலிருந்து இல்லை: கணக்கு

கடைசி இரண்டு வரிகளுக்கும் நிரலில் ஒரு சின்னச் சுற்று போதும்: பாதையின் கடைசியிலிருந்து ஒவ்வொரு படியாக மேலே ஏறி, முதலில் இருக்கும் கோப்புறை வந்ததும் நிற்பது.